ஜெயலெட்சுமி டீச்சரின் கொண்டை ஊசிகள்

உருளைக்கிழங்கில் சிவப்புக் கம்பளி நூலை இரண்டு சுற்றுக்குச் சற்றுக் குறைவாகச் சுற்றுகிறார் ஜெயலெட்சுமி டீச்சர். நூல் ஏறும் இடத்தையும் இறங்கும் இடத்தையும் சேர்த்துப் பிடித்து, தன் கொண்டையிலிருந்து ஓர் ஊசியை உருவி அங்கே குத்துகிறார். நூலை அறுப்பதில்லை. அடுத்த கிழங்கு, அடுத்த ஊசி. ஆறாவது கிழங்கு முடியும்போது கொண்டை இடது காதுக்கு இறங்கிவிடும். அதைப் பற்றி அவருக்குக் கவலையே கிடையாது.

"நூலு டீ.என்.ஏ. கெழங்கு, எட்டுப் புரதம் ஒண்ணாச் சேந்த உருண்டை. இந்த ஊசிதாங்க இணைப்பு ஹிஸ்டோன். கடைசியா வந்து கதவச் சாத்துற ஆளு!"

கண்ணுக்கே தெரியாத ஓர் உயிர்க்கலத்துக்குள் ஆறடி நீள டீ.என்.ஏ. அடங்கிக் கிடப்பதைச் சொல்லும்போது, தன் வீட்டு விசேஷத்தைச் சொல்வதுபோல் பூரித்துப்போகிறார். பாடம் முடிந்த கிழங்குகள் கறியாகும். அவர் வீட்டில் சாப்பிடும்போது ஊசி ஓட்டைகளை நான் எண்ணியிருக்கிறேன்.

தேயிலைத் தொழிலாளரின் லயத்து வீட்டில் பிறந்து வளர்ந்தவர், இலங்கை மலையகத்தில் ஹல்துமுல்லைப் பக்கம் ஒரு தோட்டப் பாடசாலையில் விஞ்ஞானம் படிப்பிக்கிறார். 2003இல் அங்கே உயர்தர உயிரியல் வகுப்பு தொடங்க அனுமதி கேட்டார். கிடைக்காவிட்டால், சாதாரண தரப் பரீட்சையில் தேறிய ஏழு பெண்பிள்ளைகளின் படிப்பு அத்தோடு சரி. பண்டாரவளை நகரத்துக்கு அனுப்பிப் படிப்பிக்க எந்த வீட்டிலும் வசதி இல்லை. பாடத்தைப் பார்த்து முடிவு சொல்ல வந்தவர் ஜெயரட்ணம் என்ற கல்வி அதிகாரி. யாழ்ப்பாணத்தவர், சிரிப்பை லேசில் செலவழிக்காதவர். அங்கே தமிழ் படிப்பித்த நானும் பின்வரிசை வாங்கில் உட்கார்ந்திருந்தேன்.

மேசையில் வரிசையாகக் கிடந்த கிழங்குகளில் ஒன்றின் ஊசியைத் தொட்டார் அவர். "நூல் முதலே சுத்திக் கிடக்குதுதானே. பிறகென்னத்துக்குப் பிள்ளை இந்த ஊசி?"

"நீங்களே உருவிப் பாருங்க சேர்."

உருவினார். ஒன்றோடு நிறுத்தாமல் ஆர்வத்தில் எல்லாவற்றையும் உருவிவிட்டார். நூல் நெகிழ்ந்தது. கிழங்குகள் மேசையிலிருந்து குதித்து, வாசலைத் தாண்டி, தேயிலைச் சரிவில் உருண்டன. முதலில் பாய்ந்தவர் அதிகாரிதான்! "பிடியுங்கோ, பிடியுங்கோ!" என்று அவர் கத்த, பின்னால் ஏழு பிள்ளைகள், அவர்களுக்குப் பின்னால் சரிந்த கொண்டையோடு டீச்சர். எனக்குச் சிரித்துச் சிரித்து வயிறு நொந்துபோனது.

நான்கு கிழங்குகளோடு மூச்சிரைக்கத் திரும்பியவரிடம் டீச்சர் ஒப்புக்கொண்டார்: "நெசத்துல இப்புடியெல்லாம் ஓடாதுங்க சேர். இறுக்கம் கொறைஞ்சு கொஞ்சம் தளரும், அவ்வளவுதான்."

"எனக்கு வடிவா விளங்கிட்டுது பிள்ளை," என்று வாய்விட்டுச் சிரித்தார் ஜெயரட்ணம். அங்கேயே நின்று, கொண்டுவந்திருந்த அனுமதித் தாள்கள் இரண்டிலும் கையெழுத்துப் போட்டு நீட்டினார்.

மலைக்காற்று தாள்களைப் பிடுங்கப் பார்த்தது. டீச்சர் தலையைத் தடவி, மிச்சமிருந்த ஒரே ஊசியை உருவி, இரண்டையும் சேர்த்துச் செருகினார். கூந்தல் முழுக்க அவிழ்ந்து முதுகில் விழுந்தது.