நிமிர்ந்து ஓட்டும் சைக்கிள்

நோலீனின் விரல்கள் மரத்துப்போகத் தொடங்கி ஓராண்டாகியிருந்தது. குனிந்து ஓட்டும் பந்தய சைக்கிளில் உடம்பின் பாரமெல்லாம் மணிக்கட்டில் இறங்குகிறது என்றார் மருத்துவர். சைக்கிளையே விட்டுவிடச் சொன்னார். பள்ளிப் பேருந்து ஓட்டி ஓய்வு பெற்றவளுக்கு, சனிக்கிழமைதோறும் தோழிகள் ரேலீனோடும் டாட்டியோடும் பக்கத்து ஊர் பேக்கரிவரை ஓட்டிப் போவதுதான் மிஞ்சியிருந்த துணை. அதை எப்படி விடுவது?

அடுத்த சனிக்கிழமை, நிமிர்ந்து உட்கார்ந்து ஓட்டும் ஒரு ஹைப்ரிட் சைக்கிளோடு வந்து நின்றாள். நேரான கைப்பிடி, அகலமான இருக்கை, தடித்த டயர், பின்னால் கேரியர்.

"என்னடி, காய்கறி வாங்கவா கிளம்பிட்ட?" என்றாள் டாட்டி.

"கடைசியா வர்றவதான் காபி வாங்கித் தரணும், ஞாபகம் வச்சுக்கோ. இனிமே வாராவாரம் நீதான்!" என்றாள் ரேலீன்.

தார்ச்சாலையில் எதிர்க்காற்று நிமிர்ந்திருந்த நோலீனின் நெஞ்சில் மோதியது. இருவரும் வளைவில் மறைந்தார்கள். துணைக்காக வாங்கிய வண்டியே துணையைப் பிரித்துவிட்டதா?

பழைய ரயில்பாதை பிரியும் இடத்தில் திரும்பினாள். தண்டவாளம் போய்ச் சரளைக்கல் மட்டும் கிடக்கும் அந்தப் பாதையும் பக்கத்து ஊருக்கே போகும். மெல்லிய டயரோடு அவர்கள் ஒருநாளும் அதில் இறங்கியதில்லை. இந்த டயரோ கற்களை மென்றுகொண்டே போனது. ஏற்றம் வந்தபோது கியரை இறக்கி மெதுவாக மிதித்தாள். தலை நிமிர்ந்திருந்ததால், யூகலிப்டஸ் மரத்தில் கூடு காக்கும் மேக்பை பறவையை முன்பே பார்த்தாள். அது கொத்த வருமுன் இறங்கித் தள்ளிக்கொண்டு நடந்தாள். ஒரு பண்ணை வாசலில் வாளி நிறைய எலுமிச்சம்பழம், யாரும் எடுத்துக்கொள்ளலாம் என்று எழுதிய அட்டையோடு இருந்தது. கேரியர் பையை நிரப்பிக்கொண்டாள்.

பேக்கரி வாசலில் இருவரும் வெறும் மேசைமுன் உட்கார்ந்திருந்தார்கள்.

"எங்கடி போய்த் தொலைஞ்ச? நாக்கு வறண்டு கெடக்கோம்!" என்றாள் டாட்டி.

"நீங்களே வாங்கிக் குடிச்சிருக்கலாமே?"

"அதெப்படி? நீ வாங்கித் தரணும்ல!"

காபி வந்தது. கோப்பையை இரு கைகளாலும் பிடித்த நோலீன் சட்டென்று கீழே வைத்தாள்.

"சுடுது."

"காபின்னா சுடாம இருக்குமா?"

"இல்லடி. விரல்ல சுடுது."

டாட்டி அவள் கையைப் பிடித்து ஒவ்வொரு விரலாக அழுத்திப் பார்த்தாள். ரேலீன் தன் கழுத்தைத் தேய்த்தபடி அந்தச் சைக்கிளையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"திரும்பும்போது நீ அந்தப் பாதையிலயே வா" என்றாள் கடைசியில். "பிரியற எடத்துல நிக்கிறோம். அவசரப்படாத."