மேகத்துக்கு வழிவிட்ட அடுப்பு

பருவநிலை மாற்றத்தைச் சின்னப் பிள்ளைகளுக்குக் கதையாகச் சொல்வது என் வேலை. பிள்ளைகள் கை தட்டுவார்கள், மழை மட்டும் வராது. என்னைப் போலவே பள்ளிக்கூடம் பள்ளிக்கூடமாகப் போய்க் கதை சொல்லித் தொண்டை கட்டுகிற உங்களுக்கு இது தெரியாததல்ல.

முடிவை மாற்றியவர்

நான் ஐந்தாவதோடு நின்றவன். ஆட்டோவில் மைக் பிடித்து ஜவுளிக்கடை விளம்பரம் சொல்லிக்கொண்டிருந்தேன். குரலைக் கேட்டுத்தான் கள்ளக்குறிச்சியில் ஒரு தொண்டு நிறுவனம் என்னைக் கூப்பிட்டது. நானே ஒரு கதை கட்டினேன். கடலிலிருந்து கல்வராயன் மலைக்கு ஒரு மேகம் புறப்படுகிறது. நடுவில் ஒரே புகை. வழி தெரியாமல் திரும்பிப் போய்விடுகிறது. அவ்வளவுதான் கதை.

என் மேற்பார்வையாளருக்கு என் கடைசி மகன் வயதுகூட இராது. பிள்ளைகள் புகையை நிறுத்துகிறார்கள், மேகம் வந்து மழை கொட்டுகிறது என்று முடிவை மாற்றிவிட்டார். ஏன் என்று கேட்டதற்கு அவர் சொன்ன பதிலைச் சாகும்வரை மறக்க மாட்டேன்: "பிள்ளைங்க அழுதா போட்டோ நல்லா வராதுங்க பெரியவரே."

சின்னசேலத்து வேன்

சின்னசேலத்தில் ஒரு தனியார் பள்ளி. புகையை யார் நிறுத்துவீர்கள் என்று கேட்டதும் எல்லாக் கையும் உயர்ந்தது. வெளியே வந்தால், பள்ளி வேன் நின்ற இடத்திலேயே உறுமிக்கொண்டு கரியைக் கக்குகிறது. ஓட்டுநரை அணைக்கச் சொன்னேன். அணைத்தால் மறுபடி ஸ்டார்ட் ஆகாதாம். முதலில் கை தூக்கிய பையன் ஜன்னல் வழியாக எனக்குச் சமாதானம் சொன்னான்: "தாத்தா, எங்க புகை அந்தாண்ட போவுது. மேகத்த இந்தாண்ட வரச் சொல்லுங்க!"

பாதி வெந்த சாமை

மலைமேல் ஒரு தொடக்கப் பள்ளி. இரண்டாம் வகுப்பு சத்யா மட்டும் கை தட்டவில்லை. வாயைத் திறந்தபடி கேட்டாள். அவள் பார்த்த புகை ஒன்றுதான், அம்மாவின் விறகு அடுப்பு. வீட்டுக்குப் போனதும் ஒரு குடம் தண்ணீரை அதில் ஊற்றிவிட்டாள். உலையில் சாமை பாதிதான் வெந்திருந்தது. அந்தத் தண்ணீரும் தூரத்து ஊற்றிலிருந்து அவள் அம்மா சுமந்து வந்தது. முதுகில் நல்ல அடி.

மறுவாரம் நான் போனபோது பள்ளி வாசலில் அந்த அம்மா நின்றுகொண்டிருந்தாள். "எங்க வூட்டு அடுப்புதான் மழய மறிச்சிக்கினு கெடந்துச்சா? கீழ அத்தினி லாரி போவுதே, அதுல ஊத்தறதுதானே தண்ணிய!"

அறிக்கை

இனி இந்த முடிவைச் சொல்ல மாட்டேன் என்று மேற்பார்வையாளரிடம் போய் நின்றேன். பிள்ளை அடிபட்டதையும் சொன்னேன். அவர் முகம் மலர்ந்தது. பேனாவைத் தேடினார். "அருமைங்க! கதை கேட்ட கொழந்த செயல்ல எறங்கிடுச்சே! அடிச்சத வுட்டுட்டு மீதிய எழுதிக் குடுங்க."

பஸ் நிறுத்தம்

அந்த வருஷம் ஆடி போனது, ஆவணியும் போனது; விதைத்த சாமை முளையிலேயே கருகியது. சத்யாவின் குடும்பம் மிளகுத் தோட்ட வேலைக்குக் கேரளாவுக்குக் கிளம்பியது. மூட்டைகளோடு அடிவாரத்தில் பஸ்ஸுக்கு நின்றார்கள். அங்கே பள்ளிக்கூடம் உண்டா என்று கேட்டேன். அவள் அப்பா மூட்டைகளை எண்ண ஆரம்பித்தார்.

சத்யாதான் ஓடிவந்தாள். என்னைக் குனியச் சொல்லி, அம்மாவுக்குக் கேட்காதபடி காதில் சொன்னாள்: "நான் அணச்சிட்டேன் தாத்தா. அம்மாதான் மறுபடி பத்த வச்சிடுச்சி. அதான் மேகம் வரல."

மழையைத் தொலைத்தவர்கள் யார் யார் என்று எனக்குத் தெரியும், ஆனால் அவர்களில் ஒருவர்கூட இரண்டாம் வகுப்பில் உட்கார்ந்து கதை கேட்பதில்லை.