பாயில் விழுந்த நன்மை

சின்ன வயதிலிருந்தே எனக்கு எச்சில் ஆகாது. இன்னொருவர் கடித்த மாங்காயைத் தொடமாட்டேன். அப்படிப்பட்ட என்னிடம்தான், வாத்தியார் வேலையிலிருந்து ஓய்வு பெற்றதும், நோயாளிகளின் வீட்டுக்கு நன்மை கொண்டுபோகும் பொறுப்பைப் பங்குச் சாமியார் கொடுத்தார்.

நன்மை என்று நாங்கள் சொல்வது பூசையில் வாங்கும் அப்பத்தை. அது அடையாளம் அல்ல, ஆண்டவரே என்பதில் நான் கறாரானவன். கச்சிராயபாளையம் டவுன் பஸ்ஸில் வேறு சபைக்காரர் ஒருவர், "அது வெறும் ஞாபகார்த்தம்தான் சார்" என்று சொல்லப்போக, கள்ளக்குறிச்சி வரும்வரை அவரை விடவில்லை. மனிதர் தப்பித்தோம் பிழைத்தோம் என்று இறங்கிப் போனார்.

ஞாயிற்றுக்கிழமைதோறும் போகிற வீடுகளில் ஒன்று, காலனியில் கரும்பு வெட்டிப் பிழைத்த ஒருவருடையது. புகையிலை போட்டுப் போட்டு வாயில் புற்று. மகன் வெள்ளிமலைப் பக்கம் மரவள்ளி பிடுங்கப் போய்விடுவான். மருமகள்தான் எல்லாம். அந்த வீட்டில் நான் ஒரு டம்ளர் தண்ணீர் வாங்கிக் குடித்ததில்லை. கேட்டால், மருந்து சாப்பிடுகிறேன் என்பேன். என் அருவருப்புக்கு நோய் மட்டும் காரணமில்லை. அதை இங்கேயாவது ஒப்புக்கொள்கிறேன்.

அவர் வாயைத் திறந்தாலே நாற்றத்துக்கு மூச்சைப் பிடித்துக்கொள்வேன். விரல் உதட்டில் படாமல் நாக்கில் போட்டுவிட்டுக் கையை இழுத்துக்கொள்வேன். அன்றும் அப்படித்தான் அவசரமாகப் போட்டேன். அவருக்கு இருமல் வந்தது. சளியோடும் ரத்தத்தோடும் அப்பம் பாயில் வந்து விழுந்தது.

விழுந்தால் கொடுத்தவன் எடுத்து உட்கொள்ள வேண்டும். முடியாவிட்டால் தண்ணீரில் கரைத்து, கால் படாத இடத்தில் ஊற்ற வேண்டும். மறைக்கல்வி வகுப்பில் நானே சொல்லித் தந்த சட்டம். அந்த நேரத்தில் அங்கே எனக்கு ஆண்டவர் தெரியவில்லை. கோழைதான் தெரிந்தது.

"ஒரு பேப்பர் எடும்மா, தொடச்சிப் போட்டுடலாம்" என்றேன்.

மருமகள் என்னை ஏற இறங்கப் பார்த்தாள்.

"இன்னாங்க சார் சொல்றீங்க? சாமி வந்திருக்காரு, வாயத் தொறன்னு வாராவாரம் நீங்கதான சொல்லிக்கினு இருந்தீங்க? சாமியப் போயி குப்பையில போடுவாங்களா?"

குனிந்தாள். விரலால் வழித்து எடுத்து வாயில் போட்டு விழுங்கினாள். பிறகு மாமனாரின் மோவாயை முந்தானையால் துடைத்துவிட்டாள்.

நான் வெளியே ஓடிப்போய் வேலியோரம் வாந்தியெடுத்தேன்.

சாமியாரிடம், "நோயாளி இருமியதில் நன்மை கீழே விழுந்துவிட்டது ஃபாதர், ஆனால் வீணாகவில்லை, உட்கொண்டாயிற்று" என்றேன். யார் என்று அவர் கேட்கவில்லை. நானும் வாயைத் திறக்கவில்லை.

அடுத்த ஞாயிறு பிரசங்கத்தில், "நம்ம சார் நோயாளியின் எச்சிலோடு எடுத்து உட்கொண்டிருக்கிறார். நற்கருணையில் ஆண்டவர் மெய்யாகவே இருக்கிறார் என்பதற்கு வேறென்ன சாட்சி வேண்டும்?" என்றார். கோயிலே திரும்பி என்னைப் பார்த்தது. தலையைக் குனிந்துகொண்டேன். தாழ்மை என்று நினைத்திருப்பார்கள். தூ! என்ன பிழைப்பு இது?

பூசை முடிந்து வழக்கம்போல அந்த வீட்டுக்குப் போனேன். மருமகள் வாசலிலேயே காத்திருந்தாள். வாக்கப்பட்டு வந்த வீடுதான் கிறிஸ்தவ வீடு. அவள் பிறந்த வீட்டு மாரியம்மனைக் கும்பிடுகிறவள். ஞானஸ்நானம் வாங்காதவர்களுக்கு நன்மை கிடையாது. யாரோ அதை அவளிடம் சொல்லியிருக்கிறார்கள்.

"சார், அன்னிக்கி நான் அத்த வாயில போட்டுக்கினது தப்புங்களா?"

உண்மையைச் சொல்ல எனக்கு அதைவிட நல்ல நேரம் வாய்த்திருக்காது.

"தப்புதாம்மா" என்றேன். "இனிமே அப்படிச் செய்யாத. யார்கிட்டயும் சொல்லிக்கினும் இருக்காத."

அவள் என் கையில் நன்மை இருந்த சிமிழைப் பார்த்துக் கன்னத்தில் போட்டுக்கொண்டாள்.