பாடையிலிருந்து எழுந்தவரின் படம்

வாழ்க்கையில் ஒரே ஒரு முறைதான் ஒரு மனிதரை மறுபடியும் சாகச் சொல்லியிருக்கிறேன். அதுவும் மரியாதையாக, ‘அண்ணே’ போட்டு.

வலங்கைமானில் பங்குனித் திருவிழாவுக்குப் பாடைக் காவடி எடுப்பார்கள். சாகக் கிடந்து பிழைத்தவர், வேண்டிக்கொண்டபடி ஆற்றில் குளித்துவிட்டுப் பிணம்போலப் பாடையில் படுத்துக்கொள்வார். நெற்றியில் காசு, கழுத்தில் மாலை. முன்னால் சொந்தக்காரர் ஒருவர் தீச்சட்டி ஏந்திப் போக, மற்றவர்கள் பாடையைத் தூக்கிக்கொண்டு கோயிலைச் சுற்றுவார்கள். மேளமும் உண்டு, அழுகையும் உண்டு. கடைசியில் அம்மனுக்கு முன்னால் இறக்கிவைத்துத் தீர்த்தம் தெளித்து விபூதி பூசியதும் எழுந்து கும்பிடுவார்.

கும்பிட வருகிற கூட்டத்துக்குச் சமமாகப் படமெடுக்க வருகிற கூட்டமும் அங்கே உண்டு. கும்பகோணத்திலிருந்து டவுன் பஸ்ஸில் தொங்கிக்கொண்டு போன நானும் அதில் ஒருவன். உடம்பெல்லாம் பை வைத்த கோட்டு ஒன்று மாட்டியிருந்தேன். தேடுகிற பொருள் எந்தப் பையில் இருக்கிறது என்பது அம்மனுக்குத்தான் வெளிச்சம். “நீங்க எடுத்த கல்யாண போட்டோல பொண்ணு எதுன்னே தெரியல” என்று என் மனைவி சொல்லி அனுப்பியிருந்தாள். புறப்படும்போது கிடைத்த ஆசீர்வாதம் அது.

தெருவில் ஒரு பாடையை விடாமல் எடுத்துக்கொண்டிருந்தேன். மாலைக்கு நடுவே மூக்கு மட்டும் தெரிகிற ஒரு படம் அபாரமாக வந்திருந்தது. ‘இதைச் சட்டம் போட்டு மாட்டவேண்டியதுதான்’ என்று நான் பூரித்துக்கொண்டிருந்த நேரம், ஒரு அம்மாள் கோட்டைப் பிடித்து இழுத்தார்.

“தம்பி, அது எங்க வீட்டுக்காரருதான். படுத்துக் கிடக்கறத எடுக்காதீங்க. எழுந்திரிக்கறப்ப ஒண்ணே ஒண்ணு எடுத்துக் குடுங்க, போதும்.”

கூட்டத்தோடு நடந்துகொண்டே விஷயத்தைச் சொன்னார். மகள் மஸ்கட்டில் இருக்கிறாள், ஏழு மாதக் கர்ப்பம். அப்பா தஞ்சாவூர் ஆஸ்பத்திரியில் நினைவில்லாமல் கிடந்தபோது அவளால் வர முடியவில்லை. இப்போது அவர் பிழைத்து வீட்டுக்கு வந்து, போனில் அவரே பேசினாலும் நம்ப மாட்டேன் என்கிறாள். முகம் பார்த்துப் பேசலாமென்றால் வீடியோ கால் அந்த ஊரில் எடுக்காது.

“நான் சொல்லிக் குடுத்து அவரு பேசறாராம். தூக்கமே இல்ல தம்பி அதுக்கு. வயித்துப் புள்ளக்காரி. பாடையில கிடக்கறது கண்ணுல படவே கூடாது. எழுந்து நிக்கறத பாத்தா மனசு ஆறும். எங்க ஆளுங்க எல்லாரும் தோள் குடுத்திருக்காங்க. நான் எடுத்தா என் விரல்தான் விழுவுது.”

“கவலைய விடுங்கக்கா” என்றேன். நான் இப்படிச் சொன்ன இடத்தில்தான் பலருக்குக் கவலையே ஆரம்பித்திருக்கிறது.

சந்நிதிக்கு முன்னால் பாடையை இறக்கினார்கள். தீர்த்தம் தெளித்தார்கள். நான் கேமராவைக் கண்ணில் வைக்கவும் பின்னாலிருந்து கூட்டம் நெட்டித் தள்ளவும் சரியாக இருந்தது. கால் தரையில் இல்லை. கையை உயர்த்திக் குத்துமதிப்பாக அழுத்தினேன். பார்த்தால் ஒரு படத்தில் யாரோ ஒரு பெண்ணின் கொண்டை. அடுத்ததில் கோயில் மணி. அதற்கடுத்ததில் என் நெற்றி, மிகத் தெளிவாக.

அதற்குள் விபூதி பூசி, மனிதர் எழுந்து கும்பிட்டும் ஆயிற்று. அம்மாள் கண்ணாலேயே ‘எடுத்தாச்சா?’ என்று கேட்டார். எனக்கு மூளை நின்றுவிட்டது. நாக்கு மட்டும் நிற்கவில்லை.

“அண்ணே, ஒரு நிமிஷம். இன்னொரு தடவ படுத்து எழுந்திரிச்சிடுங்களேன்.”

தவில்காரரின் கை அந்தரத்தில் நின்றது.

“அடப்பாவி! எழுந்த மனுசன மறுபடி படுக்கச் சொல்றியே, வாய்ல வசம்ப வச்சுத் தேய்க்க!” என்றாள் பக்கத்தில் நின்ற ஒருத்தி.

“டைரக்டரு ரீடேக் கேக்கறாருப்பா!” என்று பின்னாலிருந்து ஒரு குரல்.

பாடை தூக்கியவர்களில் ஒருவர் வேட்டியை மடித்துக் கட்டினார். என்னைக் காப்பாற்றியவர் செத்து எழுந்தவர்தான்.

“விடுங்கப்பா. தம்பி, ஒரு தடவைக்கே மூங்கிலு முதுகுல ஏறிப்போச்சு. ரெண்டாவது தடவ நெசமாவே போயிருவேன்.”

கூட்டம் சிரித்துக் கலைந்தது. அம்மாள் மட்டும் சிரிக்கவில்லை. திட்டவும் இல்லை. திட்டியிருக்கலாம்.

வெளியே கடைத்தெருவில் அம்மாளையும் வீட்டுக்காரரையும் தேடிப் பிடித்தேன். இவரை இங்கேயே நிற்கவைத்து ஒரு படம் எடுத்துத் தரலாம் என்று நினைப்பு. ஆனால் கேமராவைக் கண்டதும் மனிதர் வாக்காளர் அட்டைக்கு உட்கார்ந்தவர்போல விறைத்துக்கொண்டார். பாடையில் இதைவிட உயிரோட்டமாக இருந்தார்.

“பாடையில கிடக்கறப்ப எப்படி இருந்தேன்? காட்டுங்க” என்றார். காட்டினேன். நின்று நிதானமாகப் பார்த்தார். ஒரு படத்தில் அவர் அண்ணன் தீச்சட்டியோடு தேம்பி அழுதுகொண்டிருந்தார்.

“அட, நெசமாவே அழுவுறாரு! போன அறுப்புக்கு மிஷினு அனுப்ப மாட்டேன்னவரு. இத ஒண்ண வச்சுக்கலாமா? அடுத்த அறுப்புக்கு ஆவும்.”

“ஒண்ணும் வேணாம், அத்தனையும் அழிங்க” என்றார் அம்மாள். அழித்தேன். அந்த மூக்குப் படத்தை அழிக்கும்போது மட்டும் விரல் கொஞ்சம் தயங்கியது.

நாங்கள் இருவரும் கேமராவுக்குள் குனிந்திருந்த நேரம் பார்த்து, காலையிலிருந்து விரதம் கிடந்த மனிதர் பக்கத்துக் கடையில் ஒரு வாழைக்காய் பஜ்ஜியை எடுத்து முழுதாக வாய்க்குள் தள்ளினார். அம்மாள் திரும்பினார்.

“எண்ணெயே ஆகாதுன்னு டாக்டரு படிச்சுப் படிச்சு சொன்னாரா இல்லியா? இப்பத்தான பாடையிலேர்ந்து எழுந்தீங்க, அதுக்குள்ள அடுத்ததுக்கு அவசரமா?”

ஓங்கிய கை, உப்பிய கன்னம், நெற்றியில் இன்னும் ஒட்டிக்கொண்டிருந்த காசு, திருடன் முழி. யோசிக்காமல் அழுத்திவிட்டேன். அன்றைக்கு யோசிக்காமல் செய்ததில் உருப்பட்டது இது ஒன்றுதான்.

“இதயா அனுப்பறது? பேய் மாதிரி இருக்கேன்” என்றார் அம்மாள். ஆனாலும் அவர் போனுக்கு ஏற்றி மகளுக்கு அனுப்பினோம். அவள் பார்த்துவிட்டதாக நீலக் கோடு விழுந்தது. பிறகு வெகு நேரம் ஒன்றும் வரவில்லை. அம்மாள் முந்தானையைத் திருகிக்கொண்டிருந்தார். நான் பஸ்ஸுக்கு ஓடிவிடலாமா என்று பார்த்துக்கொண்டிருந்தேன்.

போன் அடித்தது. ஸ்பீக்கரில் முதலில் அழுகை கேட்டது. பிறகுதான் அது சிரிப்பென்று தெரிந்தது.

“அம்மா, அவர அடிச்சிராத. நீ இந்தத் திட்டுத் திட்டறன்னா அவரு நல்லாத்தான் இருக்காரு. ஆஸ்பத்திரில இருந்தப்ப நீ திட்டவே இல்லியே, அதான் எனக்கு பயமா இருந்துச்சு.”

அம்மாள் முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டார்.

“அப்பா, வாய்ல என்ன?”

மனிதர் அவசரமாக மென்றார்.

“விபூதிம்மா” என்றார்.