கரைந்துபோன கடைசி வாக்கியம்

சென்ற ஆண்டு லண்டன் கோலியர்ஸ் வுட்டில், எனக்குத் தெரிந்த ஒருவர் தன் தாயாரின் ஆண்டுத் திவசத்தை நடத்தினார். உறவினர்கள் கைபேசியில் பேசி அவருக்கு அனுப்பிய எட்டு வீடியோத் துண்டுகளை ஒன்றாக இணைத்து, சாப்பாட்டுக்குப் பிறகு திரையிட்டார். வெம்பிளியில் இருக்கும் அவருடைய அக்கா வரவில்லை. தம்பி தாயாரை முதியோர் இல்லத்தில் விட்டதிலிருந்து அவரோடு அக்கா பேசுவதில்லை. ஆனாலும் ஒரு துண்டு அனுப்பியிருந்தார்.

மறுநாள், உறவினர் ஒருவர் அனுப்பிய அந்த இணைத்த வீடியோவைப் பார்த்துவிட்டு அக்கா என்னை அழைத்தார்.

"கடைசியா நான் சொன்னதை வெட்டிப்போட்டான். நான் இறங்கி வந்தது அவனுக்குப் பிடிக்கேல்லை."

தான் அனுப்பிய அசல் துண்டை எனக்கும் அனுப்பினார். அதன் முடிவில், "தம்பி, நீ அம்மாவை நல்லாத்தான் பாத்தனி" என்கிறார். சொன்ன கையோடு பதிவை நிறுத்திவிடுகிறார். இணைத்த வீடியோவில் அந்த வாக்கியம் இல்லை.

அன்று மாலையே தம்பியின் வீட்டுக்குப் போனேன்.

"நான் ஒண்டையும் வெட்டேல்லை அண்ணை. அக்கா என்ன சொன்னவ எண்டே எனக்குத் தெரியாது."

"நீர்தானே இணைச்சனீர்?"

"கம்ப்யூட்டரில கோட் எழுதி இணைச்சனான். ஒண்டையும் போட்டுப் பாக்கேல்லை. திரையிடேக்கையும் குசினியிலதான் பாத்திரம் கழுவிக்கொண்டு நிண்டனான்."

நான் நம்பவில்லை. எட்டுத் துண்டுகளின் நீளத்தையும் கூட்டச் சொன்னேன். இணைத்த வீடியோ பதினான்கு வினாடி குறைவாக இருந்தது. என் சந்தேகம் உறுதியானது.

அவர் தான் எழுதிய கோடை மேலிருந்து கீழாகப் பார்த்தார். பிறகு, "எட்டுத் துண்டுக்கு ஏழு பொருத்து" என்றார். ஒரு முகம் மங்கி அடுத்த முகம் தெளிவதற்கு, ஒவ்வொரு பொருத்திலும் இரண்டு வினாடி கொடுத்திருந்தார். அந்த இரண்டு வினாடியில் துண்டுகள் ஒன்றின்மேல் ஒன்று ஏறுகின்றன; முன்னவரின் குரலும் தேய்ந்துவிடுகிறது. அக்காவின் துண்டு முடியும் நேரத்தைக் கணக்கிட்டு அங்கிருந்து ஓடவிட்டார். அக்காவின் முகத்தின்மேல் டொராண்டோ மாமாவின் முகம் படர்ந்தது. அடியில் அக்காவின் வாய் மட்டும் அசைந்தது. மற்றவர்கள் பேசி முடித்துச் சற்று நேரம் கழித்தே பதிவை நிறுத்தியிருந்ததால், அவர்களுடைய பேச்சில் எதுவும் போகவில்லை.

"பிறகு ஏன் பாக்கேல்லை?" என்றேன்.

"அம்மாவை ஹோமில விட்டதைப் பற்றி ஆர் என்ன சொல்லியிருப்பினமோ எண்டு பயம் அண்ணை."

அசலைப் போட்டுக் காட்டினேன். இரண்டு முறை கேட்டார். பிறகு அக்காவை அழைத்தார்.

"அக்கா, நான் வெட்டேல்லை. இப்பதான் கேட்டனான்."

"அனுப்பின அண்டைக்கு உனக்குக் காது கேக்கேல்லையோ" என்றது மறுமுனை. இருவருமே அழைப்பைத் துண்டிக்கவில்லை.

ஒருவர் எதையோ மறைக்கிறார் என்று இப்போது தோன்றினால், அதைப் பார்க்கவே அவர் பயந்திருப்பாரோ என்றுதான் முதலில் யோசிக்கிறேன்.