பீச் வேலியில் ஒரு பொட்டு

மெல்பேர்னின் கிழக்கே மலையடிவாரத்தில் இருந்த அந்த வீட்டுக்கு நாங்கள் குடிபோனது யூலை மாதக் குளிரில். எனக்கு வயது பத்து. பக்கத்து வீட்டுக்கும் எங்களுக்கும் நடுவே பலகை வேலி இல்லை. இருபத்தெட்டு மீற்றர் நீளத்துக்கு, அப்பாவின் தலைக்கு மேலே ஒரு முழம் உயரமாக, செம்பு நிறத்தில் காய்ந்த இலைகள் மட்டுமே நின்றன. நீளத்தை அளந்தது நான்.

“பட்டுப்போச்சு,” என்றார் அப்பா.

பட்டுப்போகவில்லை. பீச் மரத்தை நறுக்கி வேலியாக வளர்த்தால் இலை காயுமே தவிர உதிராது. குளிர்காலம் முழுவதும் கிளையைப் பிடித்துக்கொண்டிருக்கும். ஒக்ரோபரில் கூரான மொட்டுகள் விரிந்து தள்ளும்போதுதான் கீழே விழும். இதை எங்களுக்குச் சொன்னவர் பக்கத்து வீட்டு அங்கிள். அவர் சொன்ன ‘பீச்’ என்ற பெயரைப் பழத்தின் பெயராக விளங்கிக்கொண்ட அம்மா, ஒரு கோடை முழுவதும் அந்த வேலியில் காய் தேடினார்.

அங்கிள் ஓய்வுபெற்ற நில அளவையாளர். பெப்ரவரியில் நூல் கட்டி, மட்டம் பார்த்து, வேலியை நறுக்குவார். வெப்பக்காற்று வீசும் நாட்களில் இலையோரம் கருகாமல் இருக்க விடியற்காலையில் வேருக்குத் தண்ணீர் விடுவார். அவருடைய கராஜில் ஒவ்வொரு கருவிக்கும் சுவரில் அதன் உருவம் வரையப்பட்டிருக்கும். கதவுக்குப் பக்கத்தில் ஒரு கொப்பி தொங்கும். அவருடைய மனைவி, எங்கள் அன்ரி, காரை எடுத்துப் போய் வந்தால், எத்தனை கிலோமீற்றர் ஓடியது என்று அதில் அங்கிள் குறித்து வைப்பார். இப்படி ஓர் ஒழுங்கான மனிதரை நான் அதுவரை கண்டதில்லை. அவரைப் பார்த்து நானும் ஒரு கொப்பி வாங்கி, நேரம் போட்டு எல்லாவற்றையும் எழுதத் தொடங்கினேன். இன்றுவரை நான் விடாமல் எழுதும் நாட்குறிப்புக்கு அதுதான் ஆரம்பம். இதை மறைக்க எனக்கு விருப்பமில்லை.

அம்மாவுக்கு வேலியின் நேர்த்தி பிடிக்கவில்லை. யாழ்ப்பாணத்து வேலிகளில், வாசற்படலையைச் சுற்றிப் போகாமல் அடுத்த வீட்டுப் பெண்கள் நுழைந்து வந்து போவதற்கு ஓர் இடைவெளி விட்டிருப்பார்கள். அதற்குப் பொட்டு என்று பெயர்.

“பொட்டில்லாதது என்ன வேலி? அது மறியல்வீட்டு மதில்,” என்று சொல்லி, இரண்டாவது குளிர்காலத்தில், பின்வளவின் மூலையில் இரண்டு மரங்களுக்கு நடுவே இருந்த தாழ்ந்த கிளைகளை அம்மா வெட்டினார். அங்கிளின் பக்கத்தில் அந்த இடத்தை அவருடைய கொட்டில் மறைத்தது.

செவ்வாயும் வியாழனும் காலையில் அங்கிள் முன் கேற்றைப் பூட்டி, சாவியையும் எடுத்துக்கொண்டு கிளப்புக்குப் போவார். பத்து மணிக்கு அன்ரி பொட்டால் வருவார். எங்கள் குசினிக் கதிரையில் இருந்து தேத்தண்ணி குடிப்பார். பிறகு எங்கள் தொலைபேசியில் வேறு நகரத்தில் இருந்த தங்கையுடன் பேசுவார். பதினொன்றேகாலுக்குத் திரும்பிவிடுவார். பள்ளிக்கூட விடுமுறைகளில் இதை நான் கண்டேன். அவர்களுடைய தொலைபேசி பழுது என்று கொப்பியில் எழுதிக்கொண்டேன்.

பெப்ரவரி வெட்டின்போது அங்கிள் பொட்டைக் கண்டுபிடித்தார். முன்வாசலால் வந்து, முப்பது வருட வேலி இது, ஓட்டை வழியாகக் காற்றுப் புகுந்தால் இரண்டு பக்கத்து மரங்களும் கெட்டுவிடும் என்று பொறுமையாக விளக்கினார். அம்மாவுக்கு ஆங்கிலம் மட்டு. “மை சைட், மை கட்டிங்,” என்று சொல்லிவிட்டுக் கதவைச் சாத்தினார். எனக்கு வெட்கமாகிப் போய்விட்டது.

அதனால் ஏப்ரல் விடுமுறையில் அங்கிள் என்னைக் கூப்பிட்டு, ஒரு சுருள் கம்பியைத் தந்து, எங்கள் பக்கத்துக் கிளைகளைக் குறுக்கே வளைத்துக் கட்ட முடியுமா என்று கேட்டபோது, நான் பெருமையோடு ஓம் என்றேன். அம்மா வேலைக்குப் போயிருந்த ஒரு திங்கட்கிழமை பின்னேரம், பதினான்கு முடிச்சுகள் போட்டேன். இலைகள் அப்போதுதான் செம்பாகத் தொடங்கியிருந்தன. தூரத்தில் இருந்து பார்த்தால் பொட்டு இருந்த இடமே தெரியவில்லை.

மறுநாள் பத்தரைக்கு எங்கள் வீட்டு முன்னால் ஒரு ராக்சி வந்து நின்றது. அம்மா பின்வளவுக்கு ஓடினார். வேலிக்கு அந்தப் பக்கத்தில் அன்ரியின் குரல், மிக மெல்லிதாக, அம்மாவின் பெயரைச் சொல்லிக்கொண்டிருந்தது.

“ஆர் பிள்ளை இதைக் கட்டினது?”

“நான்தான். அங்கிள் சொன்னவர். நேரா இருக்கெல்லே?”

“நல்ல நேராத்தான் இருக்கு!”

கத்தரியைத் தேட அம்மா நிற்கவில்லை. கம்பியை வெறும் கையால் முறுக்கி இழுத்தார். கழன்றவை கழன்றன, மற்ற இடங்களில் கிளையையே முறித்தார். உள்ளங்கை கிழிந்து இரத்தம் வந்தது. முறிந்த கிளைகளுக்குள்ளால் முதலில் ஒரு சிறிய பயணப்பை வந்தது, பிறகு அன்ரி வந்தார். தலைமயிரில் பீச் இலைகள். அவர் அம்மாவின் கையைப் பிடித்துக்கொண்டார். கீழே கிடந்த கம்பியைப் பார்த்தார், பிறகு என்னைப் பார்த்து, நன்றாகக் கட்டியிருக்கிறாய் என்றார். அதைப் பாராட்டு என்று நினைத்தேன்.

எங்கள் வீட்டுக்குள்ளால் நடந்து, முன்கதவால் போய், ராக்சியில் ஏறினார். நான் எழுதினேன்: பத்து நாற்பத்திரண்டு, மஞ்சள் ராக்சி, ஒரு பை.

பன்னிரண்டு மணிக்கு அங்கிள் வந்தார். குரல் எழுப்பவில்லை. மனைவியைக் கண்டீர்களா என்று கேட்டார். அம்மா கிழிந்த கையில் சீலைத்துண்டை இறுக்கிச் சுற்றினார். அங்கிளின் பார்வை மேசையில் இருந்த என் கொப்பிக்குப் போனது. சின்னவள் எல்லாம் எழுதுவாளே என்று சிரித்தார். இன்றைய பக்கத்தை வாசித்துக் காட்டச் சொன்னார்.

எழுந்தேன். முறிந்த கிளைகளைப் பற்றியும் அவரிடம் முறையிட எனக்கு ஆசை. கொப்பியைக் கையில் எடுத்ததுதான் தாமதம், அம்மா அதைப் பறித்துக் கதிரையில் வைத்து, அதன் மேலே இருந்துவிட்டார்.

“ஹோம்வேர்க்,” என்றார் அவரிடம். “பிறைவற்.”

அங்கிள் நின்றார். அம்மா இருந்தார். கையில் சுற்றியிருந்த சீலைத்துண்டு சிவந்துகொண்டே வந்தது. அவர் போய் வெகுநேரம் ஆகும்வரை அம்மா எழும்பவில்லை.

பின்னேரம் அப்பா தலையில் கை வைத்தார். “அயலோட எங்களுக்கு ஏன் பகை?”

“பகைதான். அந்த மனிசி தப்பிட்டுது. எனக்கு அதே காணும்.”

அந்தக் குளிர்காலத்தில் அங்கிள் தன் பக்கத்தில் கம்பிவலை அடித்தார். வேலியின் நடுக்கோடு எல்லை என்பதால் எங்கள் பாதியில் அவரால் கை வைக்க முடியவில்லை. அளவையாளருக்கு அது யாரைவிடவும் நன்றாகத் தெரியும். ஒவ்வொரு பெப்ரவரியிலும் அம்மா தன் பாதியில் பொட்டை மறுபடி வெட்டினார். குறுக்கே நீளும் ஒரு தளிரையும் விடவில்லை. நாங்கள் அந்த வீட்டில் இருந்த மிச்ச நாலு வருடமும் இது நடந்தது. அன்ரி திரும்பி வரவில்லை. நத்தாருக்கு மட்டும், அனுப்பியவர் முகவரி இல்லாமல் அம்மாவுக்கு ஒரு வாழ்த்து அட்டை வரும்.

“ஒருத்தரும் வாறேல்லை, அங்கால வலையும் அடிச்சாச்சு. பிறகேன் அம்மா வெட்டுறியள்?” என்று ஒருநாள் கேட்டேன்.

“அந்தாள் பாக்கட்டும்.”

பொட்டுக்கு நேரே எங்கள் மிளகாய்க் கன்றுகள் நின்றன. அங்கிளுக்கு அவற்றைப் பார்க்க விருப்பம் போலும் என்று நினைத்து, நான் அந்த இடத்தைக் கூட்டிச் சுத்தமாக்கி, தொட்டிகளை உயர வரிசையில் நேராக அடுக்கி வைத்தேன்.