பனியன் மூட்டைக்குள் ஒரு குரல்

வாடகைக்கு வீடு பார்க்கப் போனால் மற்றவர்கள் குழாயைத் திறந்து பார்ப்பார்கள். நான் கை தட்டிப் பார்ப்பேன். போன வாரம் அவிநாசி ரோட்டுப் பக்கம் ஒரு வெற்று அறையின் நடுவில் நின்று பட்டென்று ஒன்று தட்டிவிட்டு, காதைச் சாய்த்துக்கொண்டு நின்றேன். வீட்டுக்காரர் பதறிப்போனார்.

"ஏனுங்க, கொசுங்களா? இந்தப் பக்கம் கொசுவே இல்லீங்களே!"

"அவுருக்கு அது பழக்கமுங்க" என்றாள் என் மனைவி, வியாதியைச் சொல்வதுபோல.

வியாதிதான். அது வந்த கதை கொஞ்சம் கேவலமானது.

அப்போது நான் மச்சானின், அதாவது மனைவியின் அண்ணனின், பனியன் கம்பெனியில் செக்கிங் டேபிளில் இருந்தேன். டீ-சர்ட்டில் ஓட்டை தேடுகிற உத்தியோகம். ஓட்டையைக் கண்டுபிடித்தால் தைத்தவர் முறைப்பார். விட்டுவிட்டால் மச்சான் முறைப்பார். இதற்கிடையில் கல்யாண வீட்டில் நாலு பேர் எனக்கு நல்ல குரல் என்று சொல்லித் தொலைத்துவிட்டார்கள். விளம்பர ஆட்டோக்களுக்குக் குரல் பதிந்து தருகிறேன் பேர்வழி என்று வேலையை விட்டேன். ஒரு பழைய கம்ப்யூட்டர், ஒரு மைக், நாங்கள் குடியிருந்த, வரிசையாக வாசல் வைத்த லைன் வீட்டில் காலியாகக் கிடந்த பக்கத்து அறை. முடிந்தது ஸ்டூடியோ.

"பேசறதெல்லாம் ஒரு பொழப்புங்களா மாப்ள? டேபிள் காலியாத்தான் இருக்கும். மெதுவா வாங்க" என்றார் மச்சான். அந்த 'மெதுவா'வில்தான் எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

முதல் வாடிக்கையாளர் ஒரு துணிக்கடைக்காரர். பதிந்ததைக் கேட்டுவிட்டு மிக மரியாதையாகச் சொன்னார்: "கெணத்துக்குள்ள உழுந்துட்டுக் கூப்புடறாப்பல இருக்குதுங்க. நாளைக்குக் கடை தொறக்கறமுங்க. சாயங்காலத்துக்குள்ள சரியாகலீன்னா வேற ஆளப் பாத்துக்கறனுங்க."

அவர் சொன்னதில் தப்பில்லை. வெறும் சிமென்ட் சுவர்கள். நான் ஒன்று சொன்னால் நாலு சுவரும் அதையே ஆளுக்கொரு தடவை சொல்லிப் பார்த்தன. சினிமாக்காரர்கள் முட்டை அட்டை ஒட்டுவார்கள் என்று டீக்கடையில் கேள்விப்பட்டிருந்தேன். பரோட்டாக் கடையில் அட்டைகளை வாங்கி மைதாப் பசையில் ஒட்டினேன். கை தட்டிப் பார்த்தேன், எதிரொலி அசையவில்லை. எறும்புதான் வந்தது.

கண்ணை மூடினால் செக்கிங் டேபிள் ட்யூப்லைட் தெரிந்தது. அந்த டேபிளை நினைத்தபோதுதான் கம்பெனியில் துணி ரோல் அடுக்கிய குடோன் ஞாபகம் வந்தது. மச்சானைத் திட்டவேண்டுமானால் நாங்கள் எல்லோரும் அங்கேதான் போவோம். எவ்வளவு கத்தினாலும் துணி குடித்துவிடும். ஒரு சொல் வெளியே போகாது.

துணிக்கு எங்கே போவது? திட்டு வாங்கிய மச்சானிடமே போனேன். ரோலைத் தொடவிடவில்லை. "வெட்டி மிஞ்சுன வேஸ்ட் மூட்டை கெடக்குது, எடுத்துக்கங்க. பத்திரமுங்க மாப்ள, அதுலயும் ஓட்டை இருக்கப்போவுது."

மூட்டைகளை மைக்கைச் சுற்றி ஆளுயரத்துக்கு அடுக்கினேன். மேலே ஒரு ஜமுக்காளம். ஃபேன் சத்தம் போடும் என்று அதையும் நிறுத்தியாயிற்று. சித்திரை வெயில். உள்ளே சாய வாடையும் என் வேர்வையும் தவிர வேறொன்றும் இல்லை. பேசினேன். ஆகா! காதுக்குப் பக்கத்தில் உட்கார்ந்து பேசுவதுபோல் விழுந்தது குரல். விளம்பரம் முழுவதையும் ஒரே மூச்சில் முடித்தேன். அந்த மூச்சை இழுத்ததுதான் தப்பு. பஞ்சுத் தூசி ஏறி, ஒரு தும்மல் போட்டேன். மூட்டைச் சுவர் மொத்தமும் என்மேல் வந்து படுத்தது.

"ஐயோ! யாராச்சும் வாங்களே!"

ஒருவரும் வரவில்லை. குலதெய்வத்தைக் கூப்பிட்டேன், மனைவியைக் கூப்பிட்டேன். வெட்கத்தை விட்டு மச்சானையும் கூப்பிட்டேன். அவர் கதவுக்கு வெளியேதான் நின்றிருக்கிறார், என்ன கூத்து என்று பார்க்க வந்தவர். என் மனைவி வாயில் விரல் வைத்துக் காவல் நின்றிருக்கிறாள்.

"சத்தம் போடாதீங்கண்ணா. அவுரு பேசீட்டிருக்காரு."

"ஒரு சத்தத்தையும் காணமே கண்ணு?"

"அதுக்குத்தானுங்கண்ணா இத்தன பாடும்!"

கடைசியில் கலர் கலராய்ப் பஞ்சு ஒட்டி, தவழ்ந்து வெளியே வந்தேன். சாயங்காலம் துணிக்கடைக்காரர் வந்து பதிவைக் கேட்டார். விளம்பரம் முடிந்து அலறலும் ஓடியது. "கடைசில கத்தறதக்கூட எத்தன தெளிவா இருக்குது பாருங்க!" என்று ஒத்துக்கொண்டார். டேபிளுக்கு நான் திரும்பவில்லை. மச்சான் மட்டும் அந்த அலறலைக் கேட்டு வாங்கித் தன் செல்போனில் ரிங்டோனாக வைத்துக்கொண்டார். அவருக்கு போன் வரும்போதெல்லாம் கம்பெனியே என்னை நினைத்துக்கொண்டது.

இப்போது கடைக்காரர்கள் வாசகத்தை போனில் அடித்தால் அதுவே பேசிவிடுகிறது. நல்ல குரல்தான், குறை சொல்ல முடியாது. அதற்கு அறையும் வேண்டாம், மூட்டையும் வேண்டாம். ஆனால் நான் பேசிய அந்த வருஷங்களில், நான் அறைக்குள் போய்க் கதவைச் சாத்தினால், லைன் வீட்டில் ஒவ்வொரு வாசலாகச் சேதி போகும். மிக்ஸி நிற்கும். திருநெல்வேலிக்கார அக்கா டிவியைக் குறைத்துவிட்டு, அழுகிற பிள்ளையைத் தோளில் போட்டுக்கொண்டு தெருமுனைக்கு நடந்துவிடுவாள். இன்றைக்கு ஆட்டோவில் போகிற அந்தக் குரலுக்காக எந்த வீட்டிலும் மிக்ஸி நிற்பதில்லை.